குதிரையையும் கூட்டிட்டு வந்துருங்க

மலேசிய அரசாங்கப் பதிவின்படி நான் ஒரு குதிரை முதலாளி. நிஜத்தில், குதிரை தலையை ஆட்டினாலே நான் நாலடி தள்ளிப் போய்விடுவேன். புல் வைக்கச் சொன்னால் தூரத்திலிருந்து வீசிவிட்டு வாளிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். இந்த இரண்டும் ஒரே பெண்ணுக்கு எப்படி வாய்த்தன என்று வரி அலுவலகத்தில் ஒரு முறை விளக்க வேண்டியிருந்தது. அங்கே சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

என் கணவர் ராவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். கோலசிலாங்கூரிலிருந்து விடியுமுன் தொழிற்சாலை பஸ்ஸில் போய், இருட்டிய பிறகு திரும்பி வந்தே பாதி ஆயுசைக் கழித்தவர். ஒருநாள் இயந்திரங்களை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்லி, கையில் ஒரு தொகையைக் கொடுத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பணத்தில் ஒரு பழைய லோரியை வாங்கி பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றியிருப்பார்கள். குறைந்தபட்சம் வீட்டு முன்னால் ஒரு கூரையாவது போட்டிருப்பார்கள். இவர் குதிரை வாங்கினார்.

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை அது. ஓடியது என்பதும் ஒரு மரியாதைக்காகச் சொல்வதுதான். சாம்பல் நிறத்தில் பிறந்து, வயதாக ஆக வெள்ளையாகிற வகை. கல்யாணத்துக்கு வெள்ளைக் குதிரையைத்தான் கேட்பார்கள் என்பதால், எங்கள் வீட்டில் நரைக்க நரைக்க மதிப்பு கூடிய ஒரே ஜீவன் அதுதான். பழைய எஸ்டேட் லய வீடுகளின் வரிசைக்குப் பின்னால் நண்பர் ஒருவரின் செம்பனைத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு அதைக் கட்டினார்.

“ஏங்க, ஆடு மாடு வாங்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“மாடு வாங்குனா பால்காரன்னு சொல்வாங்க. குதிரை வாங்குனா என்னா சொல்றதுன்னு அவங்களுக்கே தெரியாது லா.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அது வேடிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும். வேலை போன பிறகு அவர் கல்யாணம், காதுகுத்து எதற்கு வந்தாலும் கார் நிறுத்தும் இடத்திலேயே நின்றுவிடுவார். உள்ளே போனால் எவராவது தோளில் கைபோட்டு, “இப்ப என்னா செய்றீங்க?” என்று கேட்பார்கள். நம் ஆட்களுக்கு அது நலம் விசாரிப்பு. அவருக்கு அது குத்தல். குதிரை வந்த பிறகுதான் அவர் வாயில் ஒரு பதில் வந்தது. “பிஸ்னஸ் லா. குதிரை பிஸ்னஸ்.” சொல்லும்போதே கழுத்து ஒரு பிடி நீளும். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அந்தக் குதிரையைப் பொறுத்துக்கொண்டேன்.

தொழிலை என் பெயரில் பதிந்தது என் புத்திசாலித்தனம். நான் ஒரு போக்குவரத்துக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். குதிரையைப் பார்த்த மாத்திரத்தில் நஷ்டம் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வருமானமே இல்லாத அவர் பெயரில் நஷ்டம் வந்தால் அது வெறும் நஷ்டம். சம்பளம் வாங்குகிற என் பெயரில் வந்தால் சம்பளத்தில் கழித்துக்கொண்டு வரியைக் குறைக்கலாம். குதிரை அவருடையது, நஷ்டம் என்னுடையது என்று பிரித்துக்கொண்டோம். பல வீடுகளில் நடப்பதுதான், நாங்கள் அதைப் பதிவு செய்தோம், அவ்வளவே.

நஷ்டம் சொன்னபடி வந்தது. அதில் குதிரையின் தவறு ஒன்றுமில்லை. தொழில் நடந்த விதம் அப்படி.

கல்யாண வீட்டுக்காரர்கள் யாரும் எங்கள் வீட்டுக்குக் குதிரையை வாடகை பேச வந்ததில்லை. பத்திரிகை வைக்கத்தான் வருவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. உட்கார்ந்து டீ குடித்து, யார் யாருக்கு என்ன உடம்பு என்று பேசி முடித்து, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் நினைவு வந்ததுபோல் சொல்வார்கள்: “மாமா, அப்படியே குதிரையையும் கூட்டிட்டு வந்துருங்க.”

எனக்கு முறைப்படி அழைப்பு, அவருக்கு முறைப்படி அழைப்பு, குதிரைக்கும் முறைப்படி அழைப்பு. கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் பெருந்துங் வரை எஸ்டேட்டில் பிறந்து டவுனுக்கு வந்த குடும்பங்களில் எங்களுக்கு ஏதாவது ஒரு வழியில் உறவாகாதவர்கள் குறைவு. தாய் வழியில் இல்லாவிட்டால் தகப்பன் வழி. அதுவும் இல்லாவிட்டால் ஒரே லயத்தில் குடியிருந்த வழி.

கல்யாணத்தன்று இவர் குதிரையைக் குளிப்பாட்டி, நெற்றிச்சுட்டி கட்டி, மாப்பிள்ளையை ஏற்றி மண்டபத்தைச் சுற்றிக் கூட்டி வருவார். பெண் வீட்டார் முகம் மலரும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஓர் உறையை இவர் சட்டைப் பையில் திணிப்பார். இவர் வேண்டாம் என்பார், அவர் விடமாட்டார். பிறகு இவர் குதிரையை ஏற்றி வந்த வாடகை லோரிக்குப் பின்னால் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, மாமா முறையில் முன்வரிசையில் வந்து உட்காருவார். பந்தியில் இலை போட்டுச் சாப்பிடுவார். போகும்போது மொய் மேசையில் அதே உறையை வைப்பார். அப்படியே வைக்கமாட்டார், மேலே கொஞ்சம் போட்டு வைப்பார்.

“வாங்குனதையே திருப்பி வச்சா நல்லாவா இருக்கும்?” என்பார்.

கோயில் திருவிழா என்றால் இன்னும் மேல். குதிரைக்கு மாலை, இவருக்குப் பரிவட்டம். அந்தப் பெருமையில் நன்கொடைச் சீட்டில் எண்ணிக்கை பார்க்காமல் எழுதிவிட்டு வருவார். நேர்மையான வாடிக்கையாளர்கள் என்றால் செகிஞ்சானில் வயல் பார்க்க வருகிற கோலாலம்பூர்க்காரர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை வரப்போரம் குதிரையை நிறுத்தினால் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுப்பார்கள், காசும் கொடுப்பார்கள். அங்கேயும் பிள்ளை இறங்க மாட்டேன் என்று அழுதால் இவர் மனம் கேட்காமல் இன்னொரு சுற்று இலவசமாகப் போய்வருவார். அழுதால் இலவசம் என்பது அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் நான் ஒழுங்காகக் கணக்கில் ஏற்றினேன். வாங்கிய உறை வருமானம். வைத்த மொய்க்கு என்ன தலைப்புக் கொடுப்பது என்று யோசித்து, கம்பெனியில் பழகிய பழக்கத்தில் ‘வாடிக்கையாளர் உபசரிப்பு’ என்று போட்டேன். எனக்கே அது அழகாக இருந்தது.

வரி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு அழைப்பு வந்தபோது நான் பயந்தது கட்ட வேண்டிவரும் பணத்துக்காக. அவர் பயந்தது வேறு ஒன்றுக்காக. போனில் பேசிய பெண் ‘ஹோபி’ என்ற வார்த்தையைச் சொல்லியிருந்தார். இது தொழிலா, பொழுதுபோக்கா என்று பார்க்க வேண்டுமாம்.

“ஹோபின்னா என்னா அர்த்தம்?” என்று இவர் கேட்டார். அர்த்தம் தெரியாமல் இல்லை. “வேலவெட்டி இல்லாதவன் செய்றதுதான ஹோபி?”

கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவரும் கூடவே வந்தார். அதிகாரி என் வயது மலாய்க்காரப் பெண்மணி. தலைத்துணி, மூக்கில் வழுக்கி இறங்கும் கண்ணாடி, பொறுமையான குரல். எல்லாம் மலாயில்தான் நடந்தது. என் தமிழில் சொல்கிறேன், ‘அம்மா’ என்று மரியாதையாக அழைக்கிற ‘புவானை’ மட்டும் அப்படியே விட்டு.

“புவான்தான் தொழிலின் உரிமையாளரா?”

“ஆமாம்.”

“குதிரைகளோடு எவ்வளவு அனுபவம்?”

“பார்த்திருக்கிறேன்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. விளம்பரம் உண்டா என்று கேட்டார். முகநூல் பக்கத்தைக் காட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘அழகு மாமா’, ‘சித்தப்பா கலக்கல்’, ‘குதிரை மெலிஞ்சிருச்சே பெரியப்பா’ என்று வரிசையாக இருந்தது. வாடிக்கையாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். குதிரை மெலிந்துவிட்டது என்கிறார்கள் என்று மொழிபெயர்த்தேன்.

பிறகு கணக்குக்கு வந்தார். பேனா நுனி ஒரு வரியில் நின்றது.

“இந்தத் தேதியில் இந்தக் குடும்பத்திடம் வாடகை வாங்கியிருக்கிறீர்கள். அதே தேதியில் அதே குடும்பத்துக்கு உபசரிப்புச் செலவு. செலவு வரவை விட அதிகம். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் இருக்கிறது. வேலை செய்ததற்கு நீங்கள் காசு கொடுத்தீர்களா?”

மொய்யை மலாயில் விளக்குவது சுலபம் இல்லை என்று நினைத்திருந்தேன். அவருக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. “எங்கள் கல்யாணத்திலும் கைகுலுக்கும்போது உறையைத் திணிப்பார்கள், புவான். எனக்குத் தெரியும். ஆனால் சமைத்துப் போடுகிற கேட்டரிங்காரர் உறை திணிப்பதில்லை.”

இவ்வளவு காலம் கணக்கு எழுதிய எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று இன்றும் வியப்பாக இருக்கிறது.

கடைசியாக அவர் என்னை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினார். “ஆண்டுதோறும் நஷ்டம். இருந்தும் ஏன் தொடர்ந்து செய்கிறீர்கள்?”

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் காரில் சொல்லிக்கொடுத்திருந்தேன். சந்தை வளர்கிறது, முதலீடு, இரண்டாவது குதிரை, சுற்றுலா. இவர் சொன்னது இதுதான்: “காலையில் நான் போனால் அது என்னைப் பார்த்துக் கனைக்கும், புவான்.”

நான் மேசைக்கு அடியில் இவர் காலை மிதித்தேன். மிதித்து என்ன பயன், சொல்லியாகிவிட்டது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“அது நல்ல காரணம்,” என்றார். “ஆனால் அது தொழிலுக்கான காரணம் இல்லை.”

முடிவு நியாயமாகத்தான் இருந்தது. நான் கழித்த நஷ்டத்தை ஏற்கமுடியாது, வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். நடப்பு ஆண்டிலிருந்து உறவுக்கும் அந்நியருக்கும் ஒரே வாடகை, முறையான ரசீது, லாபம் பார்க்கிற நோக்கம் இருந்தால் கணக்கோடு வாருங்கள், அப்போது பார்க்கலாம் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் கோபமாக இருந்தது.

கார் ஆற்றுப் பாலம் தாண்டியபோது இவர், “ஹோபியாம்,” என்றார். வீட்டுக்கு வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார். அந்த வாரம் கோயிலில் யாரோ என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “சும்மா இருக்கேன்,” என்று சொன்னதாக என் காதுக்கு வந்தது. வரியைக் கட்டிவிடலாம், கட்டியும்விட்டேன். அந்த ‘சும்மா’வை என்னால் தாங்க முடியவில்லை.

“இனிமே எல்லாருக்கும் ஒரே ரேட்டு,” என்று நான்தான் சொன்னேன். “பில்லு அடிக்கிறோம். யாரா இருந்தாலும் பில்லு.”

“யாரா இருந்தாலுமா?”

“யாரா இருந்தாலும்.”

முதலில் வந்தது என் சொந்த அண்ணன்.

அண்ணன் புக்கிட் செந்தோசாவில் இருக்கிறார். மகனுக்குக் கல்யாணம். நான் மாப்பிள்ளைக்கு அத்தை, இவர் மாமா. தட்டோடு அண்ணியும் அவருமாக வந்தார்கள். டீ குடித்தார்கள். எல்லாருடைய உடம்பையும் பேசி முடித்தார்கள். வாசலில் அண்ணன் ஒரு கால் செருப்பை மாட்டியபடி, “மச்சான், குதிரையையும் கூட்டிட்டு வந்துருங்க,” என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

“வந்துரலாம் மச்சான்,” என்றார் இவர். பிறகு, பரீட்சையில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, வாடகை இவ்வளவு, பாதி முன்பணம், பில் உண்டு என்று சொன்னார்.

அண்ணனுக்கு இன்னொரு செருப்பு காலில் ஏறவில்லை. “விளையாடுறீங்களா?”

“இல்லண்ணே,” என்று நான் குறுக்கே விழுந்தேன். “வரி ஆபிஸுல கேக்குறாங்க. பில்லு இல்லாட்டி பிஸ்னஸ் இல்லையாம்.”

“ஓ, பிஸ்னஸ்.” அண்ணன் செருப்பைப் போட்டு முடித்தார். “சரிம்மா. பில்லு அனுப்பு, கட்டிர்றேன். மொய்யி கிய்யின்னு எதையும் வச்சுராதீங்க, அப்புறம் உங்க கணக்கு கொழம்பிரும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட் வரை போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் முன்பணம் வங்கியில் ஏறிவிட்டது. எங்கள் தொழிலின் முதல் முன்பணம்.

இப்போதெல்லாம் கல்யாணத்தை வீட்டார் நடத்துவதில்லை, ஒரு பெண் வந்து நடத்துகிறாள். காதில் கருவி, கையில் டேப்லெட், எல்லாரையும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’. கல்யாணத்தன்று நான் பட்டுப்புடவையோடு நேரே மணமேடைக்குப் போய்விட்டேன். அத்தைக்கு வேலை இருந்தது. வாசலில் குதிரை வந்து நின்ற சத்தம் கேட்டது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனபோது குதிரை ஒரு தரம் துள்ளியிருக்கிறது. குதிரைமேல் இருந்த என் அண்ணன் மகன், “மாமா! மாமா, புடிச்சுக்குங்க!” என்று கத்தியது உள்ளேவரை கேட்டது. கூட்டம் சிரித்தது. அன்று இவரை யாராவது மாமா என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

தாலி கட்டியதும், மாப்பிள்ளைக்கு அக்காள் தங்கை இல்லாததால், கடைசி முடிச்சை நான் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்து முன்வரிசையைப் பார்த்தேன். இவர் நாற்காலியில் யாருடைய கைப்பையோ இருந்தது. சட்டை மாற்றிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். ஆசீர்வாதம் முடிந்தது. பந்தி ஆரம்பித்தது. வரவில்லை.

தேடிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போனேன். சமையல் கூடத்தை ஒட்டிய சாக்கடை ஓரம், பந்தல் போட்ட பையன்கள், நாதஸ்வரக்காரர்கள், படம் எடுப்பவர்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து பாக்கெட் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையின் கடைசியில் இவர். மடியில் சோற்றுப் பெட்டி. கழுத்தில் ஒரு அட்டை, அதில் ‘வெண்டர்’ என்று அச்சடித்திருந்தது. தேய்த்து வைத்த நல்ல சட்டை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் லோரிக் கதவில் தொங்கியது. குதிரை வாளியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

“என்னாங்க இது?”

“அந்தப் பொண்ணு வந்து அங்கிள், வெண்டர் சாப்பாடு பின்னாலன்னுச்சு. பில்லு குடுத்தவங்க லிஸ்ட்டுல என் பேரு இருந்துச்சாம்.”

“நான் மாப்பிள்ளையோட மாமான்னு சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன். ரெண்டு லிஸ்ட்டுலயும் இருக்க முடியாதுன்னுச்சு.”

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அண்ணன்மேல், அந்தப் பெண்மேல், பில் அடிக்கச் சொன்ன என்மேல். அண்ணன் இவரைத் தேடாமலா இருந்திருப்பார்? தேடியிருந்தால் இந்த இடம் அவ்வளவு தூரமா? உள்ளே போய் ஒரு சத்தம் போட்டுவிட்டு வருகிறேன் என்று திரும்பினேன். இவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

“ஏன் கத்துற? கேட்டரிங்காரன் மொய் வைக்க மாட்டான்னு அந்தம்மா அன்னைக்கே சொன்னாங்கள்ல. பந்தியிலயும் உட்கார மாட்டான் லா.”

அவர் குரலில் கோபம் இல்லை. புதிதாக ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டவர் மாதிரி சொன்னார். அழுதிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது. நான் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பெட்டியிலிருந்தே பாதிச் சோற்றைச் சாப்பிட்டேன். கோழி உப்பாக இருந்தது. குதிரை தலையைத் தாழ்த்தி என் பட்டுப்புடவையை முகர்ந்தது. அன்றைக்கு எனக்கு நகரத் தோன்றவில்லை.

பழக்கதோஷத்தில் என் கைப்பையில் ஒரு மொய் உறை இருந்தது. அது அப்படியே வீட்டுக்கு வந்தது. அந்தக் கல்யாணத்தில்தான் எங்கள் தொழில் முதல்முறையாக லாபம் பார்த்தது.

ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் வரி அலுவலகத்துக்குப் போனேன். அதே பெண்மணி. ரசீதுகளைப் புரட்டினார். உபசரிப்புச் செலவு என்ற வரியே இல்லை என்று மகிழ்ச்சியோடு கவனித்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய அத்தாட்சி ஒன்று எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது, கழுத்தில் மாட்டுகிற அட்டை, அதைக் கொண்டுவந்திருக்கலாமோ என்று நினைத்தேன். தேவைப்படவில்லை.

“இது தொழில்தான், புவான்,” என்றார். “வாழ்த்துகள்.”

நேரே கொட்டகைக்குப் போனேன். இவர் குதிரையின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தொழில் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். கழுத்து ஒரு பிடி நீளும் என்று எதிர்பார்த்தேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“நல்லதுதான்,” என்றார். குதிரையின் அடுத்த காலுக்கு நகர்ந்துகொண்டே, “ஒங்க சித்தப்பா மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம்ல? முன்பணம் வந்துருச்சா?”

“வந்துருச்சு.”

“பத்திரிகை?”

நான் போனை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும், இருந்தாலும் பார்த்தேன்.

“லொக்கேஷன் அனுப்பியிருக்காங்க,” என்றேன்.